முள் அறுபதில் நிற்க வேண்டும்

தெய்வத்திடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அடுத்தவன் கெட வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாது என்பார்கள். முனிரத்தினம் அப்படிக் கேட்கவில்லை. கரண்ட் ஒரே ஒரு தரம் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம். அதற்கு முந்தின ஆனியில்தான் காவேரி ஆறு கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்திருந்தது. சிவசமுத்திரத்தில் விழுகிற தண்ணீர் தொண்ணூறு மைல் தாண்டி இங்கே மோட்டாரைச் சுற்றப் போகிறது என்று தொரைமார் சொன்னபோது கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் சிரித்தார்கள். பிறகு மோட்டார் சுற்றியது. சிரிப்பு நின்றது. மூணாம் நம்பர் ஷாஃப்டில், அந்தச் சுரங்கக் குழியின் வாயில், ஆறு பாயிலர்கள் ராப்பகலாக எரிந்தன. பதினாறு பயர்மேன்கள் அவற்றுக்குக் கரியும் விறகும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் ஐந்து பாயிலர்கள் குளிர்ந்து போயின. பதினைந்து பேரைக் கூண்டில் ஏற்றி, கல்வண்டி தள்ளச் சொல்லிப் பூமிக்குள் இறக்கிவிட்டார்கள்.

மிச்சம் ஒரு பாயிலர், ஒரு ஆள். அந்த ஆள் முனிரத்தினம்.

என்ஜினியர் டக்ளஸ் தொரைக்குக் கம்பியில் வரும் ஆற்றின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. "ஆத்தை நம்பு, ஆனா அடுப்பையும் அணைக்காதே. அதான் தொரை சொல்றாரு" என்று கொர்னேலியஸ் மொழிபெயர்த்தான். கொர்னேலியஸ் மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்பவன். வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவன். தொரையின் ஆங்கிலத்துக்குத் தமிழ் வாயும் அவன்தான்.

ஏற்பாடு இதுதான். கூண்டை இழுக்கிற பெரிய உருளையில் ஒரு பக்கம் புது மோட்டார், மறு பக்கம் பழைய ஸ்டீம் எஞ்சின். பாயிலரின் முகத்தில் ஸ்டீமை அளக்கிற வட்டத்தில் ஒரு முள் உண்டு. அந்த முள் எந்நேரமும் அறுபதில் நிற்க வேண்டும். கரண்ட் நின்றால் பத்தே நிமிஷத்தில் அதை நூறுக்கு ஏற்றிவிடலாம்; பழைய எஞ்சின் கூண்டை மேலே இழுத்துவிடும்.

பத்து மாதம் முள் அறுபதில் நின்றது. கரண்ட் நிற்கவில்லை.

வேலைக்கு இறங்கப் போகிறவர்கள் பாயிலர் கொட்டாயைத் தாண்டித்தான் கூண்டுக்குப் போக வேண்டும். அவர்களில் முனிரத்தினத்தின் மனைவி ரத்தினம்மாவின் அண்ணன் ராஜப்பாவும் ஒருவன். அவனும் பழைய பயர்மேன்தான். தினம் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டான்.

"இன்னா மாப்ளே, பூசாரி வேல எப்டி கீது? சாமியே வராத கோயில்ல வெளக்கு ஏத்திக்கினு கீறியே!"

"நீ போ மச்சான், கூண்டு போய்டப் போவுது."

"போனா இன்னா? உன்னாட்டம் குந்திக்கினு நெருப்பு காயறேன்!"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி வயிற்றெரிச்சல் என்று முனிரத்தினத்துக்குத் தெரியும்.

மாசி கடைசியில் லண்டனிலிருந்து கடுதாசி வந்தது. உபயோகமில்லாத பாயிலருக்கு எதற்கு விறகு? மே மாத முடிவுக்குள் கரண்ட் ஒரு தரமாவது நிற்காவிட்டால் அதையும் அணைத்துவிடுங்கள். கொர்னேலியஸ் இதைச் சொன்னபோது முனிரத்தினம் கூண்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் தகப்பன் கீழே இறங்கின ஆள்தான். பாறை வெடித்த அன்று தகப்பனுக்குப் பதிலாக மேலே வந்தது ஒற்றைச் செருப்பு. "மேலேயே ஒரு வேலை" என்று அவன் பயர்மேன் ஆனதே அந்தச் செருப்பைப் பார்த்துத்தான்.

அன்றைக்குத்தான் அவன் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் கோடியில் வேப்பமரத்தடி மாரியம்மன் கல்லின் முன்னால் போய் நின்றான்.

"தாயே, ஒரே ஒரு தரம். ஒரு நாழி கரண்ட் நின்னா போதும். லைன் முழுக்கக் கூழ் ஊத்தறேன்."

அம்மன் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டுக்கு வந்தாள்.

சித்திரை பிறந்த நாலாம் நாள் அவன் மகள் கிருஷ்ணம்மாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஏழு வயசு. இரண்டு நாளில் முகத்திலும் மாரிலும் முத்து முத்தாக எழும்பிவிட்டது. ரத்தினம்மா தாளிப்பதை நிறுத்தினாள், எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தாள், கூந்தலை வாராமல் முடிந்துகொண்டாள். வேப்பிலைக் கொத்தை வாசலில் சொருகப் போனபோது முனிரத்தினம் கையைப் பிடித்தான்.

"உள்ள சொருவு."

"இன்னாய்யா சொல்ற? வாசல்ல வச்சாதான் அவளுக்கு மரியாத."

"வாசல்ல வச்சா சானிட்டரி ஆளு பாத்துடுவான். பொண்ணத் தூக்கினு போயி ஒதுக்குக் கொட்டாயில போட்டுடுவான். என்னை நாப்பது நாளு வேலைக்கு வராதன்னுவான். அப்பறம் வேலையும் கெடயாது, இந்த வூடும் கெடயாது."

அவள் வேப்பிலையை உள்ளே, குழந்தையின் தலைமாட்டில் சொருகினாள். அம்மனை ஒளித்துவைத்த வீடு லைனில் அது ஒன்றுதான்.

ராஜப்பாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. தாய்மாமன் அல்லவா. இளநீர் இரண்டை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருட்டுவதற்கு முன்னால் வந்தான். வெகு நேரம் மருமகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேலிக்காரன் முகத்தில் அன்று கேலி இல்லை.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். வூட்ல ஒரு கடுகு வெடிக்க வுடாம கீறீங்க. நீ அங்க போயி மலையாட்டம் நெருப்பு வளத்துக்கினு கீற. அந்த அனல் யார் மேல அடிக்கும்?"

முனிரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அவனுக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

"முள்ளு அறுவதுல நிக்கணும் மச்சான்."

"எவன் பாக்கறான்? தொரை திங்கக்கெழம மட்டுந்தான வரான்? பத்து மாசமா நிக்காத கரண்டு இந்தப் பத்து நாள்லயா நிக்கப் போவுது? நெருப்ப அடக்கி வை. ஆத்தா மூணாந் தண்ணி வாங்கிக்கினு எறங்கிப் போனப்பறம் ஏத்திக்கோ. என் தங்கச்சி பொண்ணுடா."

மறுநாள் முனிரத்தினம் பாதி விறகைத் தள்ளிவைத்தான். முள் நாற்பதுக்கு வந்தது. அடுத்த நாள் இருபத்தைந்து. குழந்தை அன்று கண் திறந்து, "நைனா, தண்ணி" என்றாள். அவன் பாயிலர் கொட்டாய்க்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை வந்தது. தொரை வருகிற நேரத்துக்கு விடிகாலையிலிருந்தே விறகைத் திணித்து முள்ளை அறுபதுக்கு ஏற்றினான். தொரை எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கிருஷ்ணம்மாவுக்குச் சுரம் ஏறிப் பிதற்றல் கண்டது. ரத்தினம்மா அவனை ஏறெடுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கி நெருப்ப ஏத்தினியா?"

அவன் தன் கரி படிந்த கையைப் பார்த்துக்கொண்டான். அதற்கு மேல் சாட்சி எதற்கு? செவ்வாய்க்கிழமை உலைக்குள் சாம்பலுக்கடியில் ஒரு பிடி கங்கு மட்டும் வைத்தான். முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. புகைபோக்கியிலிருந்து பீடிப் புகை அளவுக்குக்கூடப் புகை இல்லை. குழந்தையின் சுரம் இறங்கியது. வெள்ளிக்கிழமை முதல் தண்ணி ஊற்றலாம் என்று பக்கத்துப் பெண்கள் யாரிடமும் கேட்காமல் ரத்தினம்மாவே நாள் குறித்தாள்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற புழுதிக் காற்று அடித்தது. மேற்கே எங்கேயோ, கம்பி வருகிற வழியில், ஒரு இடி இறங்கியது. மோட்டார் அறையில் இருந்த ரீங்காரம் அறுந்தது.

அப்படி ஒரு நிசப்தத்தைத் தங்கவயல் கேட்டுப் பத்து மாதமாகியிருந்தது. முனிரத்தினம் எழுந்து நின்றான். முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். அதைப் பின்னால் நினைத்து நினைத்துத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். ஆனால் அந்த ஒரு கணம் அவன் சிரித்தது நிஜம்.

பிறகு முள்ளைப் பார்த்தான்.

கொர்னேலியஸ் ஓடிவந்தான். "கூண்டு தொங்குது முனிரத்தினம்! வாய்லேர்ந்து இருநூறு அடி கீழே. மேலே வந்துக்கிட்டிருந்த ஒன்பது பேர். பிரேக் தானா கவ்விக்கிச்சு. இழுக்க ஸ்டீம் இல்லாம அதைத் தளர்த்தினா கூண்டு கல்லாட்டம் போயிடும். ஸ்டீமை வுடு!"

சொல்லிவிட்டு அவனும் முள்ளைப் பார்த்தான். வாயைத் திறந்தவன் மூடவில்லை.

"கூண்டுல யாரு?" என்றான் முனிரத்தினம்.

"பெருமாள் கோஷ்டி. உன் மச்சானும்."

முனிரத்தினம் மண்வெட்டியால் சாம்பலை வாரி விலக்கினான். ஒதுக்கி வைத்த விறகெல்லாம் உலைக்குள் போயிற்று. மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்தான். உலை வாய் திறந்து உறுமியது. குளிர்ந்த பாயிலர் பசுமாடு மாதிரி; அடித்தாலும் உதைத்தாலும் தன் நேரத்துக்குத்தான் எழுந்திருக்கும். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று, முள் அசையவில்லை. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழும்பி லைன் மேல் கவிந்தது.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் ரத்தினம்மா வந்தாள். வாராத தலை விரிந்து, மாராப்பு நழுவி, மழைத் துளிகளுக்கு நடுவே ஓடிவந்து உலைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கதவ மூடுய்யா! பொண்ணு கத்துது. மறுபடியும் கொதிக்கிது. மூடு!"

"தள்ளு ரத்தினம்மா. கூண்டு தொங்குது. ஒம்பது பேரு."

"எவனானா இருக்கட்டும்."

"உங்கண்ணன் கீறான்டி உள்ள!"

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. கொர்னேலியஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவட்டும்" என்றாள். "எங்கண்ணன் சாவட்டும். எம்பொண்ணு பொழைக்கணும். கதவ மூடு."

முனிரத்தினம் அவளை ஒரு கையால் தள்ளினான். அவள் விழப் போனவள் உலைக் கதவைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கைத் தோல் கதவோடு ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. கையை அடிவயிற்றில் அமுக்கிக்கொண்டு மழையில் திரும்பி நடந்தாள்.

முள் பத்துக்கு வந்தது. இருபது. ஷாஃப்டின் வாயிலிருந்து கூப்பாடு எழும்பி வந்துகொண்டிருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில், மூன்று முழத்துக்கும் மேற்பட்ட இடைவெளிக்கு அப்பால், ஈரத்தில் வழவழத்த இரும்பு ஏணி ஒன்று உண்டு. பெருமாள் முன்னொரு காலத்தில் கழைக்கூத்தாடிகளோடு திரிந்தவன். தன்னால் தாவ முடியும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். முப்பதாம் நிமிஷத்தில் தாவினான்.

கூப்பாடு நின்றது. அப்புறம் வேறு மாதிரியான ஒரு சத்தம் வந்தது. முனிரத்தினம் அடுத்த கட்டையை உலைக்குள் திணித்தான்.

நாற்பத்திரண்டாம் நிமிஷத்தில் முள் நூறைத் தொட்டது. கூண்டு எட்டுப் பேரோடு மேலே வந்தது.

ராஜப்பா இறங்கினான். முனிரத்தினத்தைப் பார்த்தான். நெருப்பை அடக்கச் சொன்னது தன் வாய்தான் என்பது அவனுக்கு நினைவு இருந்தது. அவன் கண்ணில் அது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனான். விஷயத்தை அதோடு விட்டிருந்தால் அவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான். கொர்னேலியஸ்தான் சும்மா இருக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும் என்று மிஷன் பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாயங்காலமே ராஜப்பாவிடம் சொல்லிவிட்டான். "சாவட்டும்னு உன் தங்கச்சிதான் சொன்னா. என் காதால கேட்டேன்."

மறுநாள் காலை ஷாஃப்ட் வாயில் விசாரணை. கரண்ட் நள்ளிரவுக்கே திரும்பி வந்துவிட்டது; மோட்டார் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. டக்ளஸ் தொரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொர்னேலியஸ். எதிரே முனிரத்தினம். பின்னால் கூட்டம்.

"ஏன் நாப்பத்திரண்டு நிமிஷம்னு தொரை கேக்கறாரு."

"விறகு ஈரம் தொரை. பேத்தமங்களா பக்கத்துலேர்ந்து வந்த வண்டி. வாரம் பூரா ஈர விறகுதான் போட்டான்."

தொரை மீசையைத் தடவினார். அவருக்கும் விறகு காண்டிராக்டரைப் பிடிக்காது. ஈர விறகு என்றால் பழி காண்டிராக்டரோடு போய்விடும். கொர்னேலியஸ் குனிந்து, காதில் விழுந்ததை மட்டும் மொழிபெயர்த்தபோது தொரையின் முகம் தளர்ந்தது. நீளமாக ஏதோ சொன்னார்.

கொர்னேலியஸ் நிமிர்ந்தான். "தொரை சொல்றாரு. இனிமே ஒத்தை அடுப்பை நம்ப மாட்டாராம். நாளையிலேர்ந்து மூணு பாயிலர் சூடா இருக்கணும். ஒண்ணுக்குக் கரி, ரெண்டுக்கு விறகு. பம்புக்கு எண்ணெய் எஞ்சின் ஒண்ணு தனியா வரும். ஆத்துத் தண்ணி, கரி, விறகு, எண்ணெய், எது கெட்டாலும் இன்னொண்ணு தாங்கணுமாம். பழைய பயர்மேனுங்களைத் திரும்ப எடுக்கறாரு. அதுக்கெல்லாம் தலைமை யாருன்னு கேக்கறாரு."

முனிரத்தினம் தொரையின் முகத்தையே பார்த்தான். அவன் பெயர் அந்த வாயில் பாதி வந்துவிட்டிருந்தது.

"விறகு காஞ்சிதான் கீது, தொரை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜப்பா முன்னால் வந்தான்.

"மச்சான்..." என்றான் முனிரத்தினம்.

"நான் பயர்மேன் வேல பாத்தவன். விறகைப் பாத்தா எனக்குத் தெரியும். அவன் வூட்ல அம்மா வந்துக்கீறா. பத்து நாளா ஒளிச்சி வச்சிக்கீறான். அனல் அடிக்கக் கூடாதுன்னு நெருப்ப அணைச்சிட்டான். அதுக்குத்தான் பெருமாள் செத்தான். நாங்க ஒம்பது பேரும் செத்திருப்போம். செத்தா சாவட்டும்னாங்க."

கொர்னேலியஸ் மொழிபெயர்க்கத் தயங்கினான். பிறகு மொழிபெயர்த்தான். தொரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். முனிரத்தினத்தைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் அவன் மட்டும் நின்றான்.

"யாரு அணைக்கச் சொன்னது, அதையும் சொல்லு மச்சான்" என்றான் மெதுவாக.

ராஜப்பா சொல்லவில்லை. கொர்னேலியஸும் அதை மொழிபெயர்க்கவில்லை.

பத்து மணிக்குள் சானிட்டரி ஆட்கள் வந்தார்கள். கிருஷ்ணம்மாவைத் தட்டியில் போட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, ஏறு வெயிலில் மூன்று மைல் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் முதல் தண்ணி ஊற்ற வேண்டிய குழந்தை. "நைனா, கண்ணு கூசுது, நைனா" என்று தெரு முனை வரை கேட்டது. ரத்தினம்மா கட்டுப்போட்ட கையோடு தட்டிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

அம்மை கண்ட வீட்டைக் கொளுத்துவது சட்டம். மூங்கில் தட்டியும் கோரையும்தானே. சானிட்டரி மேலாள் தீப்பந்தத்தை நீட்டினபோது லைனில் ஒருவரும் வாங்கவில்லை. அம்மன் இருந்த வீடு. யார் கை வைப்பார்கள்?

"தொரை உத்தரவு" என்றான் மேலாள். "நெருப்பு போடத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறானாமே, அவனே போடட்டுமாம்."

முனிரத்தினம் பந்தத்தை வாங்கினான். தட்டியைக் கொளுத்தினான். பத்து நாள் ஒளித்துவைத்த வேப்பிலைக் கொத்து சடசடவென்று எண்ணெயில் பொரிவது போல வெடித்தது.

கிருஷ்ணம்மா ஒதுக்குக் கொட்டாயில் ஐந்தாம் நாள் காலை இறந்துபோனாள். அம்மை கண்டு போனவர்களை எரிப்பதில்லை. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டுகிற சயனைடு மேட்டுக்குப் பின்னால், புல் முளைக்காத சாம்பல் மண்ணில் குழி தோண்டினார்கள். வந்தவர்கள் நாலே பேர்.

குழியில் இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ராஜப்பா வந்தான். தாய்மாமன் கோடித் துணி போடாமல் மூடக் கூடாது. கையில் மஞ்சள் துணி. சட்டை முழுக்கக் கரி. அவன்தான் இப்போது மூன்று பாயிலருக்கும் தலைமை.

ரத்தினம்மா எழுந்து துணியைப் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்தாள். அவன் அதைக் குனிந்து எடுத்தான். மண்ணைத் தட்டினான். மறுபடியும் நீட்டினான். "நான்தான்... நான்தான் சொன்னேன், ரத்தினம்மா. நெருப்ப அணைக்கச் சொல்லி நான்தான்..."

அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, அவள் குழியைத்தான் பார்த்தாள்.

அப்போது மூணாம் நம்பர் ஷாஃப்டில் சங்கு ஊதியது. ராஜப்பா தன்னை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூன்று புகைபோக்கிகளிலும் புகை மெலிந்து கிடந்தது.

முனிரத்தினம் அவன் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கினான். குழந்தையின் மேல் விரித்தான். முகத்தையும் மூடினான்.

"போ மச்சான்" என்றான். "முள்ளு எறங்கிடப் போவுது."

ராஜப்பா கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான். மேட்டைத் தாண்டும் வரை நடந்தவன், அதற்கு அப்புறம் ஓடினான்.